மார்த்தாண்டத்தில் இலையுதிர் காலம் எப்போது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். அக்கா குடும்பம் கனடாவில். அக்டோபர் வந்தால் அக்கா பிள்ளைகள் சிவப்பு மேப்பிள் இலையும் பூசணிக்காயுமாக வீடியோ காலில் வருவார்கள். என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. "நமக்கு எப்பம்மா இலையுதிர் காலம்?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன வருடம் ஆன்லைனில் பிளாஸ்டிக் இலை மாலை வாங்கித் தொங்கவிட்டேன். தோட்டத்து இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்தோம், பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டன. அதிகச் செலவில்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்? எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: முதலில் மகளுக்கு ஒரு பதில் சொல்லிவிடுவோம். நம் ஊரில் இலையுதிர் காலம் உண்டு, அக்டோபரில் இல்லை. அவ்வளவுதான்.

கனடாவில் பகல் குறைந்து குளிர் தொடங்கியதும் இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சில மரங்கள் புதிதாகச் சிவப்பு நிறமியும் உண்டாக்குகின்றன. நமக்கு அக்டோபர் என்றால் புரட்டாசி, ஐப்பசி. கார் முடிந்து கூதிர் பிறக்கும் நேரம். தென்மேற்கு மழை ஓய்வதற்குள் வடகிழக்கு மழை வந்து நிற்கும் மாவட்டம் இது, மரங்கள் எதற்காக இலையைக் கொட்டப் போகின்றன? இங்கே இலையை உதிர்க்க வைப்பது குளிர் அல்ல, வறட்சி. தேக்கும் ரப்பரும் மழை முடிந்த பிறகுதான் உதிர்க்கும். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: நம் ஊரில் சிவப்பைப் பழுத்த இலையில் மட்டும் தேடக் கூடாது, தளிரிலும் தேட வேண்டும். மாந்தளிரும் இலவங்கப்பட்டை மரத்துத் தளிரும் செம்பு நிறத்தில் பிறந்து, பிறகுதான் பச்சையாகின்றன. அந்தத் தளிரில் இருப்பதும் மேப்பிளில் இருக்கும் அதே வகைச் சிவப்பு நிறமிதான்.

சரி, இனி பூஞ்சைக்கு வருவோம். தப்பு உங்களுடையது இல்லை. புத்தகத்துக்குள் இலையை வைத்து மறந்துவிடும் முறை காற்று உலர்ந்த ஊர்களுக்கானது. இங்கே மழை மாதத்தில் அப்படி வைத்தால் இலை அவிந்துதான் போகும். நான் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது இப்படி. வாதாம் மரத்தடியில் (பிள்ளைகள் பாதாம் மரம் என்பார்கள்) எந்த மாதத்திலும் இரண்டு மூன்று சிவப்பு இலையாவது கிடக்கும். பலா மரத்தடியில் ஆரஞ்சு மஞ்சள் எப்போதும் உண்டு. காலையில் புதிதாக விழுந்ததை எடுங்கள், துணியால் ஈரத்தைத் துடையுங்கள். வாதாம் இலையின் நடு நரம்பு தடிமனானது, ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். பின்பக்கம் அந்த நரம்பைப் பிளேடால் லேசாகச் சீவிவிடுங்கள், இது பெரியவர்கள் வேலை. பிறகு செய்தித்தாள் அடுக்குக்குள் வைத்து மேலே அம்மிக்குழவியோ அரிசிச் சாக்கோ வையுங்கள். முக்கியமானது இதற்குப் பிறகுதான்: முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். பழைய தாளைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அது சில்லென்று இல்லாத நாளில் இலை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவசரமென்றால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் இலையை வைத்து, ஆவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை இரண்டு பக்கமும் ஒரு கை பூசி உலர்த்தினால் நிறம் கொஞ்ச காலம் நிற்கும். செருப்புப் பெட்டியில் வருமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதைத் தூக்கிப் போடாமல் இலை வைக்கும் டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். இலையை வாழைநாரில் கோத்தால் உங்கள் பிளாஸ்டிக் மாலைக்கு வேலை இருக்காது.

அலங்காரத்துக்குக் காசே வேண்டாம். விழுந்த கமுகம்பாளை ஒன்றை எடுத்துக் கழுவி, தட்டுபோல விரித்துக் காயவையுங்கள். அதில் ரப்பர் விதைகளை நிரப்பலாம். ஆடி, ஆவணியில் காய் படீரென்று வெடித்துச் சிதறிய விதைகள் ரப்பர் தோட்டங்களில் இன்னும் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு புள்ளிக்கோலம். மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்காவிட்டால் வண்டு வரும். பச்சை ரப்பர் விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் வைக்கவே விடாதீர்கள். சிவப்புக்குக் குன்றிமணியும் வேண்டாம், அது கடும் விஷம். மஞ்சாடி போதும், அழகும் கூட. ஆனால் ஆறு வயதுக்காரி மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்! பூசணியை மட்டும் குடைந்து முகம் செதுக்காதீர்கள். இந்தப் புழுக்கத்தில் இரண்டாம் நாளே நாறும். முழுசாக வாசலில் வைத்து அழகு பார்த்துவிட்டு, பெரும்பயறு சேர்த்து எரிசேரி வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பனங்கொட்டை புதையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். சாறு பிழிந்த கொட்டைகளைத் தோட்டத்தில் மணல் கலந்த மேட்டுப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் மூட வேண்டியதுதான், தண்ணீரை மழை பார்த்துக்கொள்ளும். முளை மேலே வராது, கீழே இறங்கும். அதனால் மண் ஒன்றரை அடியாவது பொலபொலவென்று இருக்கட்டும். முற்றம் இல்லாதவர்கள் சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி மாடியில் வைக்கலாம். கார்த்திகை வாக்கில் ஒரு கொட்டையை மட்டும் எடுத்து வெட்டுங்கள். உள்ளே பஞ்சுபோல, லேசான தித்திப்போடு தவுண் இருக்கும். அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாதீர்கள். பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு. அக்கா பிள்ளைகளிடம் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

திருக்கார்த்திகைக்குக் குருத்துப் பனையோலையில் கொழுக்கட்டை உங்கள் வீட்டிலும் உண்டு என்றால், இந்த முறை ஓலையை மடிப்பதும் கட்டுவதும் பிள்ளைகள் கையால் நடக்கட்டும். மாவு பிதுங்கும், பரவாயில்லை. தீப்பொறி பறக்கும் மாவலி சுற்ற மகன் ஆசைப்பட்டால் அலகுப்பனையின் (ஆண் பனை) காய்ந்த பூந்தண்டை எரித்து, சாம்பலாகும் முன் மண் போட்டு மூடி, கரியாக எடுத்துப் பொடித்து, பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டுங்கள். அதைப் பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவில் கட்டி, நீளக் கயிறு போட்டு, நுனியில் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பூவாய்க் கொட்டும். சுற்றுவது பெரியவர், திறந்த வெளியில், நைலான் சட்டை இல்லாமல். பத்து வயதுக்குக் கரி பொடிக்கும் வேலை போதும்.

வெளியே போக, காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும் நவராத்திரி நல்ல சமயம். அதற்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என்று மூன்று தெய்வங்களும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல், உங்களுக்குப் பக்கம்தான். மறுநாள் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டும்போது இந்தப் பக்கம் வழியனுப்பு, அந்தப் பக்கம் வரவேற்பு. நாம் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அரண்மனைக்குத் தனியாக ஒரு நாள் போங்கள். தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கள் விடுமுறை, அது தெரியாமல் போய்த் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பார்க்கலாம், 115 அடி உயரம். ஐப்பசி மழையில் கீழே இறங்கும் படி வழுக்கும், மேலேயே நடந்துவிட்டு வந்துவிடுங்கள். திற்பரப்பு அருவியில் தண்ணீர் கலங்கி வரும் நாளில் குளிக்கவே வேண்டாம்.

உண்மையான இலையுதிர் காலத்துக்கு மார்கழி, தை வரை பொறுங்கள். ரப்பர் இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சில மரங்களில் நன்றாகச் சிவந்து கொட்டும். தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு காலை வெயிலில் போங்கள். காலுக்கு ஷூ கட்டாயம், கையில் ஒரு கம்பும் இருக்கட்டும். கணுக்கால் அளவு சருகுக்குள் பாம்பு இருந்தால் தெரியாது. அங்கிருந்தே அக்காவுக்கு வீடியோ கால் போடுங்கள், அங்கே அப்போது மரமெல்லாம் மொட்டையாக, பனி கொட்டிக் கிடக்கும்.