இல்லாத விரல் ஏன் எரிகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில், வேலை செய்தேன். போன வருடம் ரோலரில் சிக்கி வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. மனைவி கொழுந்து பறிக்கப் போகிறாள், நான் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் "உயிர் தப்பியதே பெரிய காரியம்" என்கிறார்கள். எனக்கோ செத்திருந்தால் யாருக்கும் பாரமில்லையே என்றிருக்கிறது. ராத்திரியில் இல்லாத விரல்கள் எரிகின்றன. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். குடித்தால்தான் தூக்கம். சின்ன மகள் கிட்டே வந்தாலே எரிந்து விழுகிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, செத்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பு வருகிற ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள், இல்லாவிட்டால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலேயே பேசலாம். குடி தூங்க வைக்கிற மாதிரி இருக்கும், ஆனால் நடுராத்திரியில் எழுப்பி அதே நினைப்பை இன்னும் கறுப்பாக்கிவிடும்.

சரி, விரல்கள். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. கை போனாலும் மூளையில் அந்தக் கைக்கென்று இருந்த இடம் போவதில்லை, அறுபட்ட நரம்பும் சும்மா இருப்பதில்லை, அதனால் கை கால் இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எரிச்சலோ குடைச்சலோ, விரலை இறுக்கி மடக்கிப் பிடித்த மாதிரி வலியோ வரத்தான் செய்கிறது. பனடோலுக்கு இது அவ்வளவாகக் கேட்காது, நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன, கிளினிக்கில் "இல்லாத கை வலிக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள், டாக்டருக்குப் புரியும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த ஒரு பயிற்சியும் உண்டு: முகம் பார்க்கும் கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே, இரண்டு கைக்கும் நடுவில், இடக்கைப் பக்கம் பார்த்த மாதிரி நிறுத்தி, வெட்டுப்பட்ட கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, இடக்கையை அதன் முன்னால் வைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு கையும் இருக்கிற மாதிரித் தெரியும். இடக்கை விரல்களை மெதுவாக விரிக்க விரிக்க, மடங்கிக் கிடந்த மற்ற விரல்களும் விரிகின்றன என்று மூளை எடுத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. செலவு ஒரு கண்ணாடிதான், பிசியோதெரபி செய்கிறவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

உயிர் தப்பியதே என்று சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதற்காக நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. சோறு பிசைந்த கை, மகளைத் தூக்கிய கை, அதற்காக அழுவதில் என்ன தப்பு? அடக்கி வைத்த அழுகைதான் அந்தப் பிள்ளைமேல் போய் விழுகிறது என்று எனக்குப் படுகிறது. "அப்பாவுக்குக் கை வலிக்குது, உன்மேல கோவம் இல்ல" என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தப்பு தன்னுடையது என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பெரிய கவலை அந்த இஸ்தோப்புதான். மனம் தேறட்டும், அப்புறம் எழும்பலாம் என்று காத்திருந்தால் தேறாது, கைக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் மனம் கொஞ்சமாவது பின்னால் வரும். ஒரு பலகையில் இரண்டு ஆணியை அடியிலிருந்து அடித்துக் கூர் மேலே வரச் செய்து, வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்துங்கள், ஒரு கையால் வெட்டலாம். பீங்கானுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நழுவாது. மனைவி மலையிலிருந்து இறங்கும்போது கறி ஒன்று கொதித்திருந்தால் அந்த வீட்டில் நீங்கள் பாரம் இல்லை. இடக்கையால் கையெழுத்துப் பழகுங்கள், கோணலாக வரட்டும். மனைவிக்கும் ஒரு வார்த்தை: அவருக்கு நேரமெடுக்கும், பக்கத்தில் இருங்கள், பறித்துச் செய்துவிடாதீர்கள் தங்கச்சி.

நட்டஈட்டைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வேலையில் அடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி இங்கே இலங்கையில் 1934லேயே சட்டம் வந்துவிட்டது, அதைப் பார்க்கத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் இருக்கிறார். அது தர்மம் இல்லை, உங்கள் உரிமை. தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தொழிற்சங்கக் காரியாலயத்தில் கேளுங்கள், ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும், யாராவது ஒரு தாளை நீட்டினால் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.