கம்மத்தில் தொடங்கிய தயக்கம் – கடிதம்

வணக்கம் சார்,

திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பற்றி அம்மாக்கள் கேட்டால், எங்கள் டாக்டர் “இப்ப அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுகிறார். தனியாகக் கேட்டபோது, “ஆந்திராவில் பிள்ளைகள் செத்தது தெரியாதா? ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?” என்றார். இந்த ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இருக்காது என்று வாட்ஸப்பில் வேறு வருகிறது. என் மகளுக்குப் பதினொரு வயது. நானும் இன்னும் போடவில்லை. மருத்துவத் துறையில் இருக்கும் நாங்களே பயப்படலாமா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டாக்டர் சொன்ன ஆந்திரச் சம்பவம் நடந்ததுதான். ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மற்றும் மாநில அரசுகளோடு சேர்ந்து சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும், 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று சாவுகளுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஊசியால் இறந்ததாக விசாரணைக் குழு சொல்லவில்லை. கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்காக, பெற்றோரைக் கேட்காமல் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கேட்க ஆளில்லாத பிள்ளைகள்தானே என்ற அலட்சியம் அது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கையெழுத்துக் குற்றம் பிற்பாடு ஊசியின் குற்றமாகிவிட்டது. மருத்துவர்களும் அதே செய்தித்தாளைப் படிப்பவர்கள்தான், அதே வாட்ஸப் குழுக்களில் இருப்பவர்கள்தான். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பயமும் உண்டு. ஊசி போட்ட மறுநாள் பிள்ளைக்கு எது வந்தாலும் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஊசி போடாமல் விட்ட பெண்ணுக்கு முப்பது வருடம் கழித்துப் புற்றுநோய் வந்தால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று இந்த டாக்டரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. சும்மா இருப்பதுதான் பத்திரம் என்று தோன்றிவிடுகிறது. இந்தியாவில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. அவர்கள் வரிசையாக ஒரே வாசலில் வந்து நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானிலும் இதேதான். பக்கவிளைவுச் செய்திகள் பரவியதும் 2013 ஜூனில் அரசு ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிகள் சுமார் 70 சதவீதமாக இருந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. ஊசிக்குத் தடை எதுவும் இல்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆளில்லை, அது போதுமாக இருந்தது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது. 2009இல் தொடங்கிய இன்னொரு பெரிய இந்திய ஆய்வும் அந்த 2010 உத்தரவால் பாதியில் நின்றது. அது நடந்த இடங்களில் உங்கள் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரே ஊசியோடு நின்றுபோனது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் முக்கியமான இரண்டு வகைகள் உடலில் தங்குவதை ஒரு ஊசியே 95 சதவீதம் அளவுக்குத் தடுத்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். இப்போது ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருப்பதில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

உங்கள் மகளுக்கு இதுதான் சரியான வயது. போட்டுவிடுங்கள். கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். போட்டபின் கால் மணி நேரம் உட்காரவைத்திருங்கள். பிள்ளைப்பேறு போய்விடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அம்மாக்கள் கேட்டால் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கம்மத்தில் அதைத்தான் செய்யவில்லை. டாக்டரிடம் அம்பிளிக்கை ஆய்வைக் காட்டிப் பேசிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.