"குடை வச்சிருக்கியா?" ஸ்பானிஷில் எப்படிக் கேட்பது?

கேள்வி: மகள் மேல்படிப்புக்கு மாட்ரிட் போகிறாள், அவளோடு சேர்ந்து நானும் ஸ்பானிஷ் படிக்கிறேன். குடை இருக்கிறதா என்று கேட்க வகுப்பில் 'தியெனெஸ் உன் பராகுவாஸ்?' என்று சொல்லித் தந்தார்கள். வீடியோக்களில் பேசுகிறவர்களோ 'யேவாஸ் பராகுவாஸ்?' என்கிறார்கள். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கேள்வி இல்லை. 'தியெனெஸ்' என்றால் இருக்கா. குடை வீட்டுப் பரணில் கிடந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். 'யேவாஸ்' என்றால் கையோடு வச்சிருக்கியா, அதாவது மழை வருகிற மாதிரி இருக்கும்போது மகளிடம் வாசலில் நின்று நீங்கள் கேட்கிற கேள்வி. பேனா மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு 'தியெனெஸ் போலி?' என்றே தாராளமாகக் கேட்பார்கள் (ஸ்பெயினில் பால்பாயின்ட் பேனாவைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள், உச்சரிப்பு நம் பருப்புப் போலிதான், சிரிக்காமல் கேட்கப் பழகுங்கள்).

அந்த 'உன்' நம்முடைய உன் இல்லை, 'ஒரு' என்று பொருள். இருக்கா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் அதை விட்டுவிடுவார்கள். சாவி என்றால் ஏதோ ஒரு சாவி இல்லையே, நம் வீட்டுச் சாவி, அதனால் 'யேவாஸ் லாஸ் யாவேஸ்?' என்று 'லாஸ்' கட்டாயம் வரும். கையில் காசு இருக்கா என்று கேட்க 'யேவாஸ் தினேரோ என்சிமா?', மாட்ரிட்காரர்கள் அந்தக் கடைசிச் சொல்லை நாக்கைப் பல்லில் வைத்து 'என்தீமா' என்பார்கள். சில்லறைக்கு 'யேவாஸ் சுவெல்தோ?' போதும். வெறுமனே 'கே யேவாஸ்?' என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன உடுத்தியிருக்கிறாய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பையில் என்ன இருக்கிறது என்றால் 'கே யேவாஸ் என் லா மொச்சிலா?' என்று பையையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நம்மைப் போல 'ஆ' சேர்க்கிற வேலை அங்கே இல்லை. 'யேவாஸ் பராகுவாஸ்' என்பதே குடை வச்சிருக்கே என்றும் ஆகும், வச்சிருக்கியா என்றும் ஆகும், குரலைக் கடைசியில் தூக்கினால்தான் கேள்வி. எழுத்தில் குரல் கேட்காதே, அதனால்தான் கேள்விக்குறியைத் தலைகீழாக முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள். ஸ்பானிஷ் அகாதெமி 1754இல் கொண்டுவந்த ஏற்பாடு அது.

பெரியவர்கள், தெரியாதவர்கள் என்றால் கடைசி 'ஸ்' போய்விடும். விமான நிலையப் பரிசோதனையில் உங்களைக் கேட்பது 'யேவா லிக்கிதோஸ்?', திரவம் ஏதும் இருக்கிறதா என்று. இருந்தால் 'சீ, யேவோ', இல்லையென்றால் 'நோ, நோ யேவோ'.

கேள்வி: இதே வாக்கியங்கள் மெக்சிகோவிலும் செல்லுமா?
– வாசகர், கோவை

பதில்: புரியும். ஆனால் அவர்கள் வாயில் வருவது 'திராயெஸ் ப்ளூமா?', பேனா வச்சிருக்கியா என்று. செல்போன் ஸ்பெயினில் 'மோவில்', மெக்சிகோவில் 'செலுலார்'. வம்பு கைப்பையில்தான்: 'கார்தேரா' என்பது ஸ்பெயினில் பணப்பை, சிலி, பெரு பக்கம் பெண்களின் கைப்பை. தொலைந்துபோய்ப் போலீசில் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.