தியாகராஜ பாகவதரை வீழ்த்தியது சிறை மட்டும்தானா?

"ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டது. அதே நாயகன் சிறையிலிருந்து வந்தபின் நடித்த ஒரு படமும் அப்படி ஓடவில்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்காமல் இருந்திருந்தால் எம்.கே.டி. என்கிற எம்.கே.தியாகராஜ பாகவதர் ஐம்பதுகளிலும் கொடிகட்டிப் பறந்திருப்பாரா?" இதுதான் கேள்வி.

பறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சிறை அவருடைய உச்ச காலத்தில் ஏறத்தாழ இருபத்தெட்டு மாதங்களை விழுங்கியது, அது உண்மை. ஆனால் 'பாடி நடிப்பவன்தான் நாயகன்' என்ற அவருடைய தொழிலே அந்தச் சில வருடங்களில் ஸ்டுடியோக்களிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. வழக்கைப் பற்றியே பேசிப் பேசி நாம் இதைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். ஹரிதாஸ் வெளியானது 1944 தீபாவளிக்கு. சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்துப்பட்டது அந்த நவம்பர் 8-ஆம் தேதி, மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியாகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. அதாவது சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் ஓடிய நாட்களில் முக்கால்வாசிக்கு மேல் அதன் நாயகன் கம்பிக்குப் பின்னால் இருந்தார். கொலை வழக்குக் கைதி என்று தெரிந்துதான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். வழக்கின் கறையால் மக்கள் வெறுத்தார்கள் என்ற வாதம் இங்கேயே நிற்காமல் போகிறது.

இன்னொரு சாட்சி நகைச்சுவை நடிகர் கலைவாணர், அதாவது என்.எஸ்.கிருஷ்ணன். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. வெளியே வந்து 1949-இல் 'நல்லதம்பி'யில் நடித்தார், பிறகு 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை இயக்கவும் செய்தார். சிறை இருவருக்கும் பொது. வித்தியாசம் அவர்கள் செய்த வேலையில் இருந்தது.

பாகவதர் செய்த வேலை என்ன? 1910 மார்ச் 1-ஆம் தேதி மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். சிறுவனாக எஃப்.ஜி.நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவில் லோகிதாசன் வேடம். பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதப் பயிற்சி. நாடக மேடையில் எஸ்.டி.சுப்புலட்சுமியோடு 'பவளக்கொடி' போட்டுப் பேர் வாங்கியபின், கே.சுப்ரமணியம் 1934-இல் அதைப் படமாக்கினார். அந்தப் படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள். சென்னை அடையாறில் திறந்தவெளியில், சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். பாட்டும் அங்கேயே, அப்போதே பதிவானது.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்றைய நாயகனைத் தேர்ந்தெடுத்ததே அதுதான். நடிகர் கேமரா முன்னால் நிற்பார். ஃபிரேமுக்கு வெளியே, முடிந்தவரை கிட்டத்தில், ஆர்மோனியம், ஃபிடில், தபலா. தலைக்கு மேலே, படத்தில் விழாத உயரத்தில் மைக் தொங்கும். யார் சத்தம் கூட, யார் சத்தம் குறைய என்பதைச் சரிசெய்ய இன்றைக்குள்ள வசதி எதுவும் கிடையாது. தபலா தூக்கலாக இருந்தால் தபலாக்காரரை நாலடி தள்ளி உட்காரச் சொல்ல வேண்டியதுதான். பாடுகிறவர் தலையை அதிகம் திருப்பக் கூடாது, மைக்கை விட்டு விலகினால் குரல் அமுங்கிவிடும். பழைய படங்களில் பாட்டு வந்ததும் நாயகன் ஏன் கம்பம் போல நிற்கிறார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கெட்டுப்போக நூறு வழி இருந்தது. மேகம் சூரியனை மறைத்தால் வெளிச்சம் போச்சு. காகம் கத்தினால் பாட்டு போச்சு. அடையாறில் காகங்களை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்திருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஃபிடில் ஒரு இடத்தில் தவறினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒலியும் ஃபிலிமிலேயே ஒளிக்கோடாகப் பதிவானதால், உடனே போட்டுக் கேட்கவும் முடியாது. லேபில் கழுவி வந்தபின்தான் உச்சஸ்தாயியில் குரல் வெடித்திருக்கிறதா, 'ச'கரம் சீறுகிறதா என்று தெரியும். இவ்வளவுக்கும் நடுவே, திரும்பத் திரும்ப எடுத்தாலும் சுருதி விலகாமல், மூச்சு வாங்காமல், முகத்தில் பாவம் மாறாமல் பாடக்கூடிய ஆள் தயாரிப்பாளருக்குத் தேவை. ஸ்டுடியோ வாடகை, ஃபிலிம் சுருள், பக்கவாத்தியம் எல்லாம் அந்த ஒரு தொண்டையை நம்பி இருந்தன. பாகவதர் அந்தத் தொண்டை. ஜவ்வாது வாசம், வைரக் கடுக்கன், ஊரெல்லாம் வெட்டிக்கொண்ட பாகவதர் கிராப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று அவருடைய சுருதியைச் சொல்வார்கள். ஆர்மோனியக் கட்டைகளை வைத்துச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு அது, எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண்கள் கச்சேரியில் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். மேடை நாடகக்காரர் ஐந்து கட்டைக்குப் போனது மைக் இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரன் காதுக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா கட்டிய வழி அது. மைக் வந்தபின் அந்த உயரம் தேவையில்லை, ஆனாலும் ரசிகன் காது பழகியிருந்தது. அந்த உயரத்திலும் பாகவதர் குரல் கத்தலாகாமல் இழைந்தது. பாட்டெழுதிய பாபநாசம் சிவனின் சொற்கள் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் கேட்கும். இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தவர்கள் வெகு சிலர்.

'சிந்தாமணி' (1937) கல்கத்தாவில் எடுக்கப்பட்டது, அப்போது இங்கே ஸ்டுடியோக்கள் குறைவு. அதன் லாபத்தில் மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் ஒரு தியேட்டரே கட்டி அதற்கும் சிந்தாமணி என்று பேர் வைத்தார்கள். அதே வருடம் எல்லிஸ் ஆர்.டங்கனின் 'அம்பிகாபதி'; இளங்கோவனின் வசனம் கவனிக்கப்பட்டது அதில்தான். 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), பிறகு ஹரிதாஸ். பத்து வருடத்தில் ஒன்பது படங்கள். மொத்தமே பதினாலுதான்.

இப்போது திருப்பத்துக்கு வருகிறேன். யுத்தத்தால் ஃபிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு. பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி என்றால் இரண்டு மணி நேரம், இரண்டு நிமிடம். மூன்று நிமிடப் பாட்டு ஒன்று 270 அடி சாப்பிடும். ஐம்பது பாட்டு வைத்தால் 13,500 அடி, கதைக்கு ஒரு அடி மிஞ்சாது. பாட்டின் எண்ணிக்கை குறைந்தே ஆக வேண்டிய நிலை. ஹரிதாஸில் சுமார் இருபது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் சுந்தர்ராவ் நட்கர்னி அதை எடுத்தபோது இந்தக் கணக்குக்குள்தான் எடுத்தார். படம் கச்சிதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அந்தப் படத்தில் 'வாழ்விலோர் திருநாள்' பாட்டைப் பாருங்கள். பாகவதர் குதிரை மேல் அமர்ந்து பாடிக்கொண்டு வருவார். குதிரை மேல் போகிறவருக்கு மைக் எங்கே தொங்கும், ஃபிடில்காரர் எங்கே உட்காருவார்? பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டு, வாயசைத்து எடுத்த காட்சி அது. குரல் அவருடையதுதான், உடலும் அவருடையதுதான். ஆனால் இரண்டும் தனித்தனி நாளில், தனித்தனி இடத்தில் பதிவாகின. அப்படிப் பிரிக்க முடிந்துவிட்டால், ஒருவர் உடலுக்கு இன்னொருவர் குரலை ஒட்டவும் முடியும். பாகவதரைக் கம்பத்திலிருந்து விடுவித்த அதே முறைதான் அவருடைய இடத்தையும் பறித்தது.

ஒட்டுவது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் குரல் வேறொரு பாத்திரத்துக்குப் பயன்பட்டது. 1945-இல், பாகவதர் சிறையில் இருந்தபோது, ஏ.வி.எம்.மின் 'ஸ்ரீ வள்ளி' வந்தது. நாயகி ருக்மிணியின் பாட்டில் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலை ருக்மிணியின் வாயசைவுக்குப் பொருத்தினார்கள். படம் பெரிய வெற்றி. திரையில் தெரிகிறவர் பாடவில்லையே என்று பார்த்தவர்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்பதைத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் கவனித்தார்கள். இனி நாயகனைத் தேட சங்கீத சபா வாசலுக்குப் போக வேண்டியதில்லை.

1947-இல் பாகவதர் வெளியே வந்தபோது வயது 37. அவருக்காகப் பேசப்பட்டிருந்த 'உதயணன்' ஜி.என்.பாலசுப்ரமணியத்திடம் போய்விட்டது. 'ராஜமுக்தி'யை (1948) புனாவில் எடுத்தார். புதுமைப்பித்தன் வசனம் எழுத அங்கே போய், காசநோயோடு திரும்பி அந்த வருடமே இறந்தார் என்பது இந்தப் படத்தோடு சேர்ந்த துயரம். பாட்டு நன்றாக இருந்தும் படம் விழுந்தது. 1952-இல் 'அமரகவி', 'சியாமளா'. அதே 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'. அதில் பாட்டு பத்துப் பன்னிரண்டுதான். ஜனங்கள் மனப்பாடம் செய்தது நீதிமன்ற வசனத்தை. நாயகனுக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன், தாமே ஆரம்ப காலத்தில் பாடி நடித்தவர்.

இதைவிட என்னை உறுத்துவது 1950-இன் 'கிருஷ்ண விஜயம்'. டி.எம்.சௌந்தரராஜன் சினிமாவில் முதலில் பாடியது அதில். பாட்டு 'ராதே நீ என்னை விட்டுப் போகாதடி', அதாவது சிந்தாமணியின் 'ராதே உனக்குக் கோபம் ஆகாதடி'யின் சாயல். பாடிய விதமும் பாகவதர் பாணி. படத்தை இயக்கியவர் ஹரிதாஸை இயக்கிய அதே நட்கர்னி. பாகவதர் குரலின் சாயல் தேவைப்பட்டது, பாகவதர் தேவைப்படவில்லை. அவர் 40 வயதில், தொண்டை கெடாமல், திருச்சியில் இருந்தபோதே.

டி.ஆர்.மகாலிங்கம் பாடி நடித்துத் தாக்குப்பிடிக்கவில்லையா என்று கேட்கலாம். 1947-இல் 'நாம் இருவர்' அவருக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் ஐம்பதுகளில் அவரும் கடனில் விழுந்து, 1958 'மாலையிட்ட மங்கை'யில்தான் எழுந்தார். 1965 'திருவிளையாட'லில் அவருக்குக் கிடைத்தது பாணபத்திரர் என்ற பாடகர் வேடம். பாடி நடித்த இன்னொருவரான நாகையா அப்பா வேடத்துக்கு மாறிப் பிழைத்தார். பாகவதர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. 1957-இல் தாமே இயக்கி 'புது வாழ்வு' எடுத்தார், நாயகனாகவே. அதே வருடம் சிவாஜியின் 'அம்பிகாபதி' வந்தது. இருபது வருடம் முன்பு ஒரே மனிதர் செய்த வேடத்துக்கு இப்போது முகம் கணேசன், குரல் சௌந்தரராஜன், இசை பாகவதரின் பாட்டுகளுக்கு மெட்டமைத்த அதே ஜி.ராமநாதன்.

நீரிழிவும் கண்பார்வைக் குறைவும் வாட்ட, 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. 'சிவகாமி' அடுத்த வருடம் வந்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஹரிதாஸை முழுதாகப் பாருங்கள், பிறகு சிவகவி. தனிப்பாட்டாகக் கேட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பதால், தட்டில் உள்ளதும் படத்தில் உள்ளதும் பல இடங்களில் ஒன்றல்ல. சாருகேசி ராகத்தில் அமைந்த ஹரிதாஸின் 'மன்மத லீலை'யைப் படத்திலிருந்தே கேளுங்கள், நடிகை டி.ஆர்.ராஜகுமாரியின் ஆட்டத்தோடு சேர்ந்தால்தான் அந்தத் தாளக்கட்டு புரியும். சுருதிப்பெட்டியை வைத்து அவர் கட்டையை அளக்க நினைப்பவர்கள் டிவிடியை நம்பாதீர்கள்: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை சில டிவிடிகளில் 25 ஆக ஓட்டியிருக்கக்கூடும். அப்படியானால் வேகம் நூற்றுக்கு நாலு கூடும், நாலரைக் கட்டை ஐந்தை நெருங்கிவிடும். வேகத்தைக் குறைத்துச் சரிசெய்தபிறகு அளந்து பாருங்கள்.