வளர்ப்புப் பல்லிக்கும் தவளைக்கும் உயிர் இரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: லெப்பர்டு கெக்கோ பல்லிக்காகச் சுவர்க்கோழிகளை நூறு நூறாக வாங்குகிறேன். மூடிய டப்பாவில் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துத்தான் வளர்க்கிறேன். இருந்தும் மூன்றாம் நாளே பாதி செத்துக் கிடக்கின்றன. காரணம் என்ன?

பதில்: உங்கள் கேள்வியிலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன: ஒன்று மூடிய டப்பா, மற்றொன்று தண்ணீர்க் கிண்ணம். சுவர்க்கோழி கொஞ்சம் தண்ணீரிலும் மூழ்கிவிடும். மேலும், கிண்ணத்திலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாதபோது எச்சமும் செத்த பூச்சிகளும் அழுகி, அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி மிச்சமிருப்பவற்றையும் கொன்றுவிடும். சுவர்க்கோழிகள் ஒளிந்துகொள்ள உள்ளே வைக்கும் முட்டை அட்டையை (முட்டை அடுக்கும் காகிதத் தட்டு) தூக்கி டப்பாவின் அடியைப் பாருங்கள். எச்சம் மிளகுத்தூள்போல உலர்ந்து உதிர்ந்தால் கவலையில்லை; கூழாக ஒட்டிக்கொண்டு மூக்கைக் குத்தினால் அன்றே டப்பாவைக் கழுவிக் காயவைக்க வேண்டும். மூடியை வெட்டி உலோக வலை பொருத்துங்கள், ஏனெனில் நைலான் வலையை அவை கடித்து ஓட்டையாக்கிவிடும். முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்கினால் எச்சம் கீழே விழுந்துவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, கேரட் துண்டுகளைத் தினமும் மாற்றி வைத்தாலே தேவையான நீர் கிடைத்துவிடும்.

வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். இறக்கை முளைத்த சுவர்க்கோழிக்கு இன்னும் சில வாரங்கள்தான் ஆயுள். அதை வாங்கி வந்தால், எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் முதுமையாலேயே இறக்கும். பாதி வளர்ந்த, இறக்கையில்லாத பருவமே வாங்க ஏற்றது. பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கூட்டம் கூட்டமாகச் செத்தால் வைரஸ் நோயாக இருக்கலாம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட அமெரிக்காவின் சுவர்க்கோழிப் பண்ணைகள் பலவற்றை ஒரு டென்சோவைரஸ் காலி செய்தது. அது பல்லியைத் தாக்காது. ஆனாலும் பழைய டப்பா, அட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, அந்நோயை நன்கு தாங்கும் பட்டைச் சுவர்க்கோழி இனத்துக்கு மாறுவதே நல்லது.

கேள்வி: என் பல்லி தினமும் வயிறாரத் தின்கிறது. ஆனாலும் நடக்கும்போது கால்கள் நடுங்குகின்றன; தாடையும் மென்மையாகிவிட்டதுபோல் தெரிகிறது.

பதில்: தாமதிக்காமல் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நீங்கள் சொல்பவை கால்சியம் குறைவால் எலும்பு மெலியும் நோயின் அறிகுறிகள். இது வேதனை தரும் நோய், தடுக்கக்கூடிய நோயும்கூட. சுவர்க்கோழி, மாவுப்புழு இரண்டிலுமே கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம் என்பதால், வயிறு நிறைந்தாலும் எலும்புக்குக் கால்சியம் சேர்வதில்லை. பட்டினி கிடந்த பூச்சியைக் கொடுப்பது ஏறக்குறைய வெறும் கூட்டைக் கொடுப்பதுதான். ஆகவே இரையாக்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்கள் பூச்சிகளுக்குக் கீரையும் கால்சியம் கலந்த தீவனமும் கொடுங்கள். பிறகு ஒரு பையில் கால்சியம் பொடியோடு போட்டு மெல்லக் குலுக்கி, உடனே பல்லியின் முன் விடுங்கள். சற்று நேரம் விட்டால் சுவர்க்கோழி தன் உடலைத் தானே துடைத்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். வைட்டமின் டி3 இல்லாமல் அந்தக் கால்சியம் உடலில் சேராது என்பதால், டி3 எந்த அளவில், புறஊதா விளக்கு தேவையா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவில் கூண்டிலேயே விட்டுவைக்காதீர்கள். தூங்கும் பல்லியையே கடித்துப் புண்ணாக்கிவிடும்.

தவளை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாக்கை நீட்டியும் இரை ஒட்டாமல் நழுவுகிறதென்றால், வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம்.

கேள்வி: மாவுப்புழுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதுபோல், அதைப் போன்றே இருக்கும் பெரிய வண்டுப் புழுவான சூப்பர் புழுவையும் வைக்கலாமா?

பதில்: கூடாது, செத்துவிடும். மாவுப்புழு குளிரில் மந்தமாகிக் கூட்டுப்புழுவாவதைத் தள்ளிப்போடும். சூப்பர் புழு குளிரைத் தாங்காது. ஆனால் அதைக் கூட்டமாக, அறை வெப்பத்தில் வைத்தாலே நெடுநாள் புழுவாக இருக்கும். கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே விட்டால்தான் கூட்டுப்புழுவாகும்.

கேள்வி: தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்கலாமா?

பதில்: பூச்சிமருந்து தெளிக்காத இடம் என்று உறுதியாகத் தெரியாதவரை வேண்டாம், ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். மின்மினியை எந்தக் காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். சில மின்மினி இனங்களின் உடலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஒன்றே ஒன்றைத் தின்று இறந்த தாடிப் பல்லிகள் (பியர்டட் டிராகன் எனப்படும் வளர்ப்புப் பல்லிகள்) இருக்கின்றன.