ஒரு நாளைக்கு இரண்டு பேர்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மகன் யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்துக் கொடுத்தான். இதுவரை 137 வீடியோ போட்டாயிற்று. சப்ஸ்கிரைபர் 640 பேர். அதில் பாதி சொந்தக்காரர்களும் கடைக்கு வருகிறவர்களும்தான். தையல் சேனல்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன். ‘நீங்கள் என்னை சப்ஸ்கிரைப் செய்யுங்கள், நான் உங்களைச் செய்கிறேன்’ என்று தினமும் லிங்க் வருகிறது. ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் சப்ஸ்கிரைபர் தருகிறேன் என்கிறார். வீடியோவின் முகப்பில் தெரிகிற தம்ப்நெயில் படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நில்லுங்கள், ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்கள் போடுங்கள் என்று மகன் சொல்கிறான். விளம்பர வருமானம் வர ஆட்கள் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. உங்கள் உரைகளும் யூடியூபில் இருப்பதால் கேட்கிறேன். நிறுத்திவிடலாமா?

ச., சங்கரன்கோவில்

அன்புள்ள ச.,

எனக்குச் சட்டைப் பொத்தான் தைப்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அதனால் உங்கள் வீடியோக்களை மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் திறந்தது ‘பிளவுஸ் கட்டிங் பார்ட் 14’. லோகோ சுழன்றது, வீணை இசை வந்தது, வணக்கம் சொன்னீர்கள், போன வீடியோவுக்கு நன்றி சொன்னீர்கள், பெல் பட்டனை அழுத்தச் சொன்னீர்கள். ஐம்பது விநாடி ஆகியிருந்தது. ‘ஓட்டுங்க’ என்றாள் மனைவி. ஓட்டினேன். நாலாவது நிமிடத்தில், பின்கழுத்து ஒன்பது இஞ்ச் இறங்கினால் ஷோல்டர் அளவைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தோளில் நிற்காது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள். அந்த இடத்தில் அவளே, ‘இருங்க, அதைத் திரும்பப் போடுங்க’ என்றாள். மூன்று முறை போட்டேன். அவளுடைய பட்டுப் பிளவுஸ்கள் எல்லாம் தோளிலிருந்து இறங்குவதற்கான காரணம் அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

உங்கள் சிக்கல் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது. ‘ஓட்டுங்க’, ‘திரும்பப் போடுங்க’.

உங்கள் சேனலின் உள்பக்கத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரைந்து வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்பதற்கான கோடு. மகனிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு மாதம் அதை மட்டும் பாருங்கள். சரிந்துகொண்டே போகிற கோடு ஏதாவது ஓரிடத்தில் திமில் போல மேலே எழும்பினால், அங்கே ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அதுதான் உங்கள் அடுத்த வீடியோ.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னுடைய ஒரு மணி நேரப் பேச்சு ஒன்றை நண்பர் ‘சிறப்புரை, பகுதி 2’ என்று போட்டிருந்தார். தொடக்கத்தில் பொன்னாடை போர்த்தும் காட்சி. கோட்டைப் பார்த்தால், பொன்னாடை தோளில் விழுவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு திமில். தேர் தெருமுனையில் எப்படித் திரும்புகிறது, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர் எந்தக் கணத்தில் கையை எடுக்கிறார் என்று சொன்ன இடம். நண்பர் அந்த ஆறு நிமிடத்தை மட்டும் வெட்டி, ‘தேர் எப்படித் திரும்புகிறது?’ என்று தலைப்பு வைத்தார். என் இலக்கியக் கருத்துகளை விட அதைப் பார்த்தவர்கள்தான் இன்றைக்கும் அதிகம். கொஞ்சம் வருத்தம்தான். என்ன செய்ய?

‘பார்ட் 14’ என்பது உங்களுக்குத்தான் பதினாலாவது. தேடுகிறவருக்கு அப்படி ஒரு வரிசை இருப்பதே தெரியாது. நாளை மறுநாள் கல்யாணம், தைத்த பிளவுஸ் தோளில் நிற்கவில்லை, இரவு பத்து மணிக்கு ஃபோனை எடுக்கிறார். அவர் ‘பிளவுஸ் ஷோல்டர் இறங்குது’ என்றுதான் அடிப்பார், அல்லது மைக்கை அழுத்திச் சொல்வார். பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். யூடியூபின் தேடல் கட்டத்தில் ‘பிளவுஸ்’ என்று மட்டும் அடித்து நிறுத்திப் பாருங்கள். கீழே அதுவே ஒரு பட்டியல் நீட்டும். மனிதர்கள் உண்மையில் கேட்கிற கேள்விகள் அவை. கடைக்கு வருகிறவர்கள் பிளவுஸைப் பிரித்துக் காட்டிச் சொல்கிற குறைகளும் அப்படித்தான் இருக்கும். கைக்குழியில் சுருக்கம், முன்கழுத்து தூக்கிக்கொண்டு நிற்பது, கொக்கிப் பட்டி இளித்துக்கொண்டு தெரிவது. ஒரு குறைக்கு ஒரு வீடியோ. அவர் சொன்ன வார்த்தையே தலைப்பு.

இப்போது உங்களை மலைக்க வைக்கிற 4000 மணி நேரத்துக்கு வருவோம். விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1000 சப்ஸ்கிரைபர், பன்னிரண்டு மாதத்தில் 4000 மணி நேரம் என்பது 2018-இல் வந்த விதி. 4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். வருகிறவர் மூன்று நிமிடம் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 80,000 பார்வை. ஒரு நாளைக்கு 219. உங்களிடம் 137 வீடியோ இருக்கிறது. ஒரு வீடியோவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சும். ஷோல்டர் இறங்குகிற பிளவுஸோடு தமிழ் பேசும் ஊர்களில் தினம் இரண்டு பேர் இருக்க மாட்டார்களா? வைரல் ஆகிற ஆசையை விட்டுவிட்டால் இது தையல் கடை நடத்துகிற மாதிரியான கணக்குதான்.

விலைக்கு வாங்கும் ஆயிரம் பேர் வேண்டவே வேண்டாம். போலி எண்ணிக்கை யூடியூபில் விதிமீறல், கண்டுபிடித்தால் கழித்துவிடுவார்கள், சேனலுக்கே ஆபத்து. வாட்ஸப் குழுக்காரர்களும் அந்த வகைதான். அவர்களுக்கும் தையல் தெரியும், உங்கள் வீடியோ தேவையில்லை. சப்ஸ்கிரைப் செய்துவிட்டு ஒரு நாளும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறவர்கள்.

வாயைப் பிளக்கிற தம்ப்நெயில் பற்றி. 2012 வரை யூடியூப் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைத்தான் பெரிதாக எண்ணியது. ஏமாற்றித் திறக்க வைத்தவர்கள் கொழித்தார்கள். அந்த வருடம் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியது. ஆகவே இழுத்து வந்து ஏமாற்றினால் நஷ்டம் உங்களுக்கே. உங்கள் முகம் வேண்டாம், பிளவுஸ் போதும். சுருக்கம் விழுந்த தோள் ஒரு பக்கம், சரியாக உட்கார்ந்த தோள் மறுபக்கம். வலது கீழ் மூலையில் எதையும் எழுதாதீர்கள், வீடியோவின் நேரம் அங்கே வந்து மறைத்துவிடும். நூறு பேருக்குக் காட்டினால் மூன்று பேர்தான் திறக்கிறார்கள் என்று மகன் கவலைப்படலாம். பாதிச் சேனல்களுக்கு அது இரண்டிலிருந்து பத்து சதவீதத்துக்குள்தான் என்று யூடியூபே சொல்கிறது.

ஷார்ட்ஸ் போடலாம். ஆனால் ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்த நேரம் அந்த 4000-இல் சேராது. அதற்குத் தனிக் கணக்கு, தொண்ணூறு நாளில் ஒரு கோடி பார்வை. நமக்கு எதற்கு? குறையை மட்டும் அரை நிமிடத்தில் காட்டி, சரிசெய்வதற்கு உங்கள் நீள வீடியோவின் இணைப்பைக் கீழே கொடுங்கள்.

யாரையும் பார்த்து நகல் செய்யாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. மொழி தெரியாதவனுக்கும் அம்மியும் அடுப்பும் அண்டாவும் புரிந்தன. அதைப் பார்த்துவிட்டு வயலுக்கு அண்டா தூக்கிய சேனல்கள் எத்தனையோ. உங்கள் வீடியோவில் புரிய வேண்டியது உங்கள் கையும் சாக்பீஸும். கேமராவை முகத்திலிருந்து இறக்கி மேஜைக்கு மேலே கட்டச் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டாம். புதிதாக எடுப்பதைக்கூட ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பழைய 137-க்கும் முதலில் தலைப்பை மாற்றுங்கள், அதற்குச் செலவு கிடையாது. தொடக்கத்து ஐம்பது விநாடியையும் யூடியூபுக்குள்ளேயே வெட்டி எடுத்துவிடலாம், மகனுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. துணியில் கோடு போடும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் துணி நகர்ந்துவிடும் என்று பார்ட் 9-இல் சொல்கிறீர்கள். சொல்லும்போது உங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மனைவி சொல்லச் சொன்னாள்.