ஏற்காட்டில் ஏன் அகச்சிவப்புத் தொலைநோக்கி இல்லை?

ஏற்காடு சுமார் 1500 மீட்டர், வானாய்வகம் இருக்கும் காவலூரைப்போல இருமடங்கு உயரம். அங்கே அகச்சிவப்புத் தொலைநோக்கி வைத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். உயரம் மட்டும் போதாது. அகச்சிவப்பு என்பது சிவப்பைவிட அலைநீளம் கூடிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி; காற்றிலுள்ள நீராவி அதைப் பெருமளவு விழுங்கிவிடும். பகோடா பாயிண்டில் நிற்கும்போது சட்டை நனையும் அளவுக்கு மேகம் வந்து மூடுகிறதே, அந்த ஈரம்தான் தடை.

அதிலும் அலைநீளம் மிக அதிகமான தொலை அகச்சிவப்புக்கோ எந்த மலையும் போதாது. அதனால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1 மீட்டர் விட்ட ஆடியுள்ள தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் கட்டி, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். விண்மீன்கள் பிறக்கும் தூசு மேகங்களை அது அளந்தது. வேலை முடிந்ததும் பாராசூட்டில் இறங்கும், மறுபடி பறக்கும். இந்திய வானியலில் இதற்கு இணையான துணிச்சல் குறைவு என்பேன்.

மலையிலிருந்தே பார்க்கக்கூடிய அகச்சிவப்புக்கு, 1990-களில் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2000-இல் லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயர வறண்ட பாலைவனத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி கண் திறந்தது.